சொட்டு மருந்தும் சாக்கடை நீரும்

2001ஆம் ஆண்டு முழுவதும், வாரந்தோறும் தவறாமல், மும்பை மாநகரத்தின் மூன்று குடிசைப் பகுதிகளில் ஓடும் சாக்கடைகளிலிருந்து கழிவுநீரைச் சீசாக்களில் முகந்தெடுத்து, பரேலில் ஹாஃப்கின் வளாகத்திலிருந்த என்டெரோவைரஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அருவருத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து செல்லும் அந்த நீரில், டாக்டர் ஜகதீஷ் தேஷ்பாண்டேயும் அவருடைய சகாக்களும் ஒரு நகரத்தின் சரீர ஸ்திதியை வாசித்தார்கள். அவ்வாண்டில் பரிசோதிக்கப்பட்ட 137 சீசாக்களில் 35ல், இயற்கையாகப் பரவும் மூவகைப் போலியோ வைரஸ்களில் முதல் வகையும், ஒன்றில் மூன்றாம் வகையும் இருந்தன. நகரம் முழுவதிலும் அந்த ஆண்டு போலியோவினால் கால் சூம்பிய குழந்தை ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு நோய் காண்பதற்கு மூன்று மாதம் முன்பே சாக்கடை அதை அறிந்திருந்தது. வைரஸின் மரபணு எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை மும்பையில் முன்பு கண்ட வைரஸின் வம்சமல்ல, உத்தரப் பிரதேசத்தில் நோயுண்டாக்கிய நான்கு கிளைகளின் வழிவந்தவை என்பதும், அவ்வாண்டில் பல முறை நகரத்துக்குள் புகுந்து, சில காலம் திரிந்து, பின்னர் மறைந்துபோயின என்பதும் புலனாயிற்று.

இந்த ஆராய்ச்சியை அவர்கள் மேற்கொண்டதற்கு ஒரு மனக்கவலையே காரணம். சொட்டு மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. வீடு வீடாகச் சென்று கொடுத்தவர்களின் உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. அப்படியிருந்தும் 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் மும்பையில் மூன்று குழந்தைகளுக்குப் போலியோ கண்டது. மருந்து போய்ச் சேர்ந்த வயிற்றில் மருந்து ஏன் பிடிக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த விஞ்ஞானம், கால் நூற்றாண்டுக் காலத்தில், வைரஸ் என்றொன்றும் பாக்டீரியா என்றொன்றும் தனித்தனியே நம்மைத் தாக்க வரும் இரண்டு பகைவர்கள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கதையைச் சொல்வதற்கு மும்பையைவிடப் பொருத்தமான ஊர் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

நம்முடைய சரீரம் நாம் மட்டும் வாழும் வீடன்று. ஒரு மனிதனுடைய உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்றும், அவனுக்கே உரிய உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி என்றும் 2016ல் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகிறது. பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வசிப்பவை. நாம் சீரணிக்க முடியாத நாரைச் சீரணித்து, சில வைட்டமின்களை ஆக்கித் தந்து, நம் நோய் எதிர்ப்புச் சக்திக்குப் பால்ய வயதிலிருந்தே பாடம் சொல்லிக் கொடுப்பவை. இந்த ஜனசமூகத்தின் நடுவேதான் வாய் வழியாகப் புகும் ஒவ்வொரு வைரஸும் வந்து இறங்க வேண்டும்.

அப்படி வந்து இறங்குபவற்றில் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தனி இயல்பு வாய்ந்தவை. போலியோ, ரோட்டா, நோரோ, இன்ஃபுளுயன்சா, கொரோனா ஆகிய யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. நம் முன்னோர் ஓலைச் சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில், ஏட்டுக்கு ஏடு எழுத்துப் பிழைகள் மலிந்து பாடபேதங்கள் பெருகின அல்லவா? அதைப் போலவே இந்த வைரஸ்களும் தம்மைப் பிரதி எடுக்கும்போது பிழை செய்கின்றன. எழுதியதைத் திருப்பிப் படித்துத் திருத்தும் வழக்கம் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. கொரோனா வைரஸுக்கு மட்டும் அது ஓரளவு உண்டு. இந்தப் பிழைகளில் பல வைரஸுக்கே நாசம். சில அதற்குப் புது வலிமை. நோய் செய்யாதபடி பலவீனமாக்கப்பட்டுச் சொட்டு மருந்தில் சேர்க்கப்பட்ட மூன்றாம் வகைப் போலியோ வைரஸ், குழந்தையின் குடலுக்குள் சில நாட்களிலேயே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு பழைய சுபாவத்தின் பக்கம் ஓரடி திரும்பிவிடும் என்பது வைத்திய சாஸ்திரம் நன்கறிந்த செய்தி.

சொட்டு மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். மேல்நாட்டில் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பளித்த அதே மருந்து, வேலூர்க் குழந்தைகளிடத்தில் மிகக் குறைந்த எதிர்ப்புச் சக்தியையே உண்டாக்குகிறது என்று அவர் 1972ல் எழுதினார். இதன் கொடிய உருவத்தை 2006ல் வெளியான ஒரு கணக்கு காட்டிற்று: ஒரு தவணை மருந்து முதல் வகைப் போலியோவைத் தடுக்கும் ஆற்றல், உத்தரப் பிரதேசமும் பீகாரும் நீங்கலான இந்தியாவில் 21 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் வெறும் 9 சதவீதம். ஒரு தாய் தன் குழந்தையைப் பத்து முறை தூக்கிக்கொண்டு போய் மருந்து கொடுத்துவிட்டு வந்த பிறகும் அது கால் விளங்காமற் போயிற்று என்றால், அந்தத் தாயின் கண்ணீருக்கு அந்த 9 என்ற எண்ணே காரணம். அவளுடைய அறியாமை அன்று.

வைரஸுக்கும் குடல் பாக்டீரியாக்களுக்கும் உள்ள உறவை அறிய, 2011ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து ஆய்வாளர் ஜூலி ஃபைஃபரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய பரிசோதனை செய்தார்கள். போலியோ வைரஸ் சுபாவமாக எலியைத் தொற்றாது. ஆகவே மனித உயிரணுவில் வைரஸ் பற்றிக்கொள்ளும் கொக்கியை மரபணு வாயிலாகப் பெற்ற எலிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்துவிட்டு, பிறகு எல்லா எலிகளுக்கும் வாய் வழியே வைரஸைப் புகட்டினார்கள். காவலாளர்களை இழந்த எலிகள்தாம் அதிகமாக நோயுறும் என்பது சாதாரண யூகம். நடந்ததோ நேர்மாறு. பாக்டீரியாக்களை இழந்த எலிகள் நோய்க்கு எளிதில் ஆட்படவில்லை. அவற்றின் குடலில் வைரஸும் பெருகவில்லை. பாக்டீரியாக்கள் இருந்த எலிகளே அதிகம் மடிந்தன.

காரணம் சூட்சுமமானது. பாக்டீரியாக்களின் மேற்போர்வையில் சர்க்கரைச் சங்கிலிகள் கொழுப்போடு இணைந்த ஒரு பொருள் உண்டு. போலியோ வைரஸ் அதைத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. போர்த்திக்கொண்ட வைரஸ் குடலின் உயிரணுக்களை இறுகப் பற்றுகிறது. அதைவிட முக்கியமாக, வெப்பத்தையும் நீர்த்த குளோரினையும் தாங்கி நிற்கும் உறுதி பெறுகிறது என்று அதே குழுவினர் 2014ல் காட்டினார்கள். ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து வெளியேறி, மாஹிம் கழிமுகத்தை அடுத்த வெதுவெதுப்பான நகரத்துச் சாக்கடையில் மிதந்து, மற்றொரு குழந்தையின் வாயை அடைய வேண்டிய வைரஸுக்கு இப்படிப்பட்ட ஒரு போர்வை எத்தகைய அனுகூலம் என்று வாசகர்களே நினைத்துப் பார்க்கலாம். 2018ல் மற்றோர் உண்மையும் தெரியவந்தது. ஒரு பாக்டீரியாவின் மேல் பல வைரஸ்கள் ஏறிக்கொண்டு ஒரே உயிரணுவுக்குள் சேர்ந்து நுழைய முடிகிறது. நுழைந்தபின் தங்கள் மரபணுத் துண்டுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்கின்றன. பிழை மலிந்த இரண்டு ஏடுகளிலிருந்து நல்ல பக்கங்களைப் பொறுக்கி ஒரு நல்ல ஏட்டைத் தொகுப்பதைப் போல, நலிந்த வைரஸ்கள் இரண்டு கூடி வலிய வைரஸ் ஒன்றாகின்றன. நோரோ வைரஸும் ரோட்டா வைரஸும் குடல் பாக்டீரியாக்களின் துணையை நாடுகின்றன என்பதற்கும் 2014ல் சான்றுகள் வெளிவந்தன.

அது நிற்க, குழந்தையின் குடலிலுள்ள நோய் பாக்டீரியாக்களும் அழற்சியும் சொட்டு மருந்தைத் தடுக்கின்றனவோ, முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்வியை வேலூர் ஆய்வாளர்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் ககன்தீப் காங்கும் லண்டனைச் சேர்ந்த நிகோலஸ் கிராஸ்லியும் அவர்களுடைய சகாக்களும், மூன்றாம் வகைப் போலியோவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத 6 முதல் 11 மாதக் குழந்தைகளில் சரிபாதியினருக்கு மூன்று நாட்கள் அஸித்ரோமைசினும், மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலித் திரவமும் கொடுத்து, பிறகு எல்லாருக்கும் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2016ல் முடிவு வெளியாயிற்று. குடலிலிருந்த நோய் பாக்டீரியாக்கள் குறைந்தன. குடலின் அழற்சியும் தணிந்தது. ஆனால் சொட்டு மருந்து முன்னிலும் நன்றாகப் பிடிக்கவில்லை. நல்ல பாக்டீரியாக்களை ஊட்டிப் பார்த்த வேலூர்ப் பரிசோதனையும் சொல்லிக்கொள்ளும்படியான பலனைத் தரவில்லை.

இந்தத் தோல்வியை நான் மிகப் பெரிய விஷயமாக மதிக்கிறேன். எதிர்பார்த்த பலன் குழந்தையின் வயிற்றில் கிடைக்கவில்லை என்று ஒளிக்காமல் உலகத்துக்கு அறிவித்த நேர்மை ஒரு பக்கம் இருக்க, அது நமக்கு இன்னொன்றையும் தெரிவிக்கிறது. குடல் என்பது மூன்று நாள் மருந்தில் கழுவித் துடைத்துவிடக்கூடிய பாத்திரமன்று. அது பிறந்த நாள்தொட்டுக் குடித்த நீராலும், தவழ்ந்த தரையாலும், உண்ட சோற்றாலும், மீண்டும் மீண்டும் வந்த பேதியாலும் உருவாகிய ஓர் ஊர். அந்த ஊரில் போலியோவின் இனத்தைச் சேர்ந்த வேறு வைரஸ்கள் முன்னதாகவே இடம் பிடித்திருந்தால், சொட்டு மருந்தின் வைரஸுக்கு வேரூன்ற இடமில்லாமற் போகிறது. ஆகவே இந்தியா கடைசியில் ஜெயித்தது வேறு உபாயத்தினால்: மூன்று வகைகள் தமக்குள் போட்டியிடுவதைத் தவிர்க்க 2005ல் ஒற்றை வகை மருந்தும் 2010ல் இரட்டை வகை மருந்தும் கொண்டுவந்து, பிடிக்காத வயிற்றிலும் பிடிக்கும் வரை மீண்டும் மீண்டும் சொட்டுக்களை ஊட்டினார்கள். 2011 ஜனவரி 13ஆம் தேதி ஹௌராவில் நோய் கண்ட ஒரு சிறுமியோடு சொட்டு மருந்திலிருந்து வராமல் இயற்கையாகப் பரவும் காட்டுப் போலியோ இந்நாட்டில் முடிந்தது. 2014 மார்ச் 27ஆம் தேதி அதற்குரிய சான்றும் கிடைத்தது.

குடலை விட்டு நுரையீரலுக்கு வருவோம். 1918 மே மாத இறுதியில் ஒரு கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தது; ஜூன் 10ஆம் தேதி துறைமுகக் காவலிலிருந்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் ஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இலையுதிர் காலத்தில் அந்த இன்ஃபுளுயன்சா இரண்டாம் முறை சீறிவந்தபோது, அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் நகரத்தில் 768 பேர் மாண்டார்கள். பம்பாய் ஜுரம் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. இந்தியா முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோயிற்று. அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே அக்காலத்தில் நம்பினார்கள். 1892ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் இன்ஃபுளுயன்சா நோயாளிகளின் தொண்டையில் ஒரு கிருமியைக் கண்டு இதுவே நோயின் மூலம் என்று பிரகடனம் செய்திருந்தார். உண்மையான வைரஸ் 1933ல்தான் அகப்பட்டது. ஜெர்மானிய ஃபைஃபரின் பிரகடனத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, அதே பெயரைத் தாங்கிய ஜூலி ஃபைஃபர் என்ற பெண்மணி பாக்டீரியாவும் வைரஸும் கைகோத்து நடப்பதைக் குடலில் கண்டுபிடித்தார் என்பது நினைக்கும்தோறும் எனக்கு ஆச்சரியமளிக்கிறது.

ரிச்சர்ட் ஃபைஃபர் முழுவதும் தவறவில்லை. 1918, 1919ல் இறந்த 58 பேரின் நுரையீரல் திசுக்களை மீண்டும் ஆராய்ந்து, அக்காலத்துப் பிரேதப் பரிசோதனைக் குறிப்புக்களையும் ஒப்பிட்டு, டேவிட் மோரன்ஸும் ஜெஃப்ரி டாபன்பெர்கரும் ஆந்தனி ஃபௌச்சியும் 2008ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மடிந்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது பாக்டீரியாவினால் வந்த நிமோனியா. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்தது. அதன் நொதி அங்குள்ள சர்க்கரைப் பூச்சைத் துண்டித்து, பாக்டீரியா பற்றிக்கொள்ள இடம் செய்துகொடுத்தது. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாக வசித்துவந்த பாக்டீரியாக்கள் கீழிறங்கின. சில ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதி, பதிலுக்கு, வைரஸ் உயிரணுவுக்குள் நுழைவதற்கு வேண்டிய வெட்டையும் செய்து கொடுக்கிறது. பரஸ்பர உபகாரம் இப்படியும் உண்டு.

ஆனால் பாக்டீரியா எல்லாம் வைரஸின் கையாட்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போலியோ ஆராய்ச்சி வெளிவந்த அதே 2011ல், யேல் பல்கலைக்கழகத்தின் அகிகோ இவாசாகியின் குழுவினர், ஆன்டிபயாடிக் உண்ட எலிகளின் நுரையீரல் இன்ஃபுளுயன்சாவை எதிர்க்கத் திராணியற்றுப் போவதைக் கண்டார்கள். குடலிலிருக்கும் பாக்டீரியாக்கள் நெடுந்தூரத்திலுள்ள நுரையீரலின் காவலைச் சதா விழிப்பில் வைத்திருக்கின்றன. ஒரு நோயில் துணைவன், மறு நோயில் காவலன்.

தாராவியின் 90 அடி சாலையிலோ, மாட்டுங்கா மார்க்கெட்டிலோ, செம்பூர் ஸ்டேஷன் எதிரிலோ உள்ள ஒரு மெடிக்கல் கடையின் முன்னால் மழைக்காலத்து மாலையில் நின்று பாருங்கள். "அண்ணே, பிள்ளைக்கு ரெண்டு நாளா சளி, காய்ச்சல். போன தடவை கொடுத்த அந்த மாத்திரையே கொடுங்க" என்ற குரலைக் கேட்பீர்கள். அந்த மாத்திரை பெரும்பாலும் ஆன்டிபயாடிக். சளியை உண்டாக்கிய வைரஸை அது தீண்டாது. குடலில் காவல் நின்றவர்களையே அது வெட்டிச் சாய்க்கும். எஞ்சியவை மருந்துக்கு அஞ்சாத ஜாதியாகப் பெருகும். கூலியை இழந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க முடியாத ஒரு தாயின் மேல் இதற்காக நான் பழி சுமத்தமாட்டேன். செம்பூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் வற்புறுத்தி அதையே எழுதி வாங்கும் படித்தவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். போலியோவுக்காகச் சாக்கடையை வாசிக்கக் கற்றிருந்த பரேல் நிலையம், அடுத்த மாதமே மும்பையின் ஆறு வார்டுகளின் கழிவுநீரில் அந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தது. ஜூலையில் மாநகராட்சியும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் மற்றவர்களும் சேர்ந்து, மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் வட்டாரங்களை உட்கொண்ட மூன்று வார்டுகளில் 6,936 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். குடிசைவாசிகளில் 57 சதவீதத்தினரையும், ஏனையோரில் 16 சதவீதத்தினரையும் வைரஸ் தொட்டிருந்தது. ஆனால் இறந்தவர்கள் மிகச் சொற்பம்.

உடனே ஒரு சித்தாந்தம் பரவிற்று. பலவிதக் கிருமிகளோடு பழகிய ஏழையின் குடல் அவனைக் காப்பாற்றியது என்றார்கள். சுகாதாரம் குறைந்த நாடுகளில் கொரோனா மரணமும் குறைவு என்று காட்டும் கட்டுரைகளை நம் நாட்டு விஞ்ஞானிகளும் எழுதினார்கள். ஆராய்ச்சிக்கு உகந்த கேள்விதான் அது. ஆனால் பதிலாக அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. குடிசைவாசிகளில் இளையோர் மிகுதி. கொரோனா கொன்றது பெரும்பாலும் முதியோரை. 2021ன் இரண்டாம் அலையில் இந்தியாவின் சுடுகாடுகள் இரவு பகலாக எரிந்தபோது, அந்தச் சித்தாந்தம் தானே வாயடைத்துப் போயிற்று. மேலும், அழுக்கு ஏழையைக் காக்கிறது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அவனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கும் கடமையிலிருந்து நாம் விடுபட்டுவிடுவோம். அதே அழுக்குத்தான் அவன் குழந்தையின் வயிற்றில் சொட்டு மருந்தைத் தோற்கடித்தது.

நமக்குள்ளிருக்கும் இந்த ஊரின் குடிகளை நாம் முழுவதும் எண்ணி முடித்துவிடவும் இல்லை. மனித மலத்திலுள்ள ஆர்.என்.ஏ. வைரஸ்களை 2006ல் கணக்கெடுத்தபோது, அவற்றில் மிகுதியானவை தாவர வைரஸ்கள் என்றும், மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸே முதலிடம் வகிக்கிறது என்றும் தெரிந்தது. 2024லோ, வைரஸ் என்றும் சொல்ல முடியாத, ஆயிரம் எழுத்தளவேயுள்ள ஆர்.என்.ஏ. வட்டங்கள் நம் வாயிலும் குடலிலும் ஆயிரக்கணக்கான வகைகளில் இருப்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டு, அவற்றுக்கு ஓபலிஸ்க் என்று பெயரிட்டார்கள். அவற்றில் ஒன்று, நம் பற்களில் வசிக்கும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்குள் குடியிருக்கிறது.

நல்ல தண்ணீரையும் வடிகாலையும் பற்றிப் பேசும்போது, மாட்டுங்காவில் வசிக்கும் தமிழர்கள் ஒரு பழைய வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். 1896ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அதற்கு மருந்து காண வந்த வால்டெமர் ஹாஃப்கின், 1897 ஜனவரி 10ஆம் தேதி தன் உடம்பிலேயே தடுப்பூசியைக் குத்திக்கொண்டார். பரேலில் இன்று அவர் பெயரால் விளங்கும் ஸ்தாபனம் அதிலிருந்து பிறந்தது. அதே பிளேக்கின் பயத்தால் 1898ல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் வடிகாலும் முன்கூட்டியே திட்டமிட்டு, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களையும் ஐந்து தோட்டங்களையும் வகுத்தது. ஒரு பாக்டீரியாவுக்கு அஞ்சி எழுந்த பேட்டை மாட்டுங்கா. ரயில் பாதைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த நம்மவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் குடியேறிய தாராவிக்கு அந்தத் திட்டம் எட்டவில்லை.

2024 ஆகஸ்டில் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு, சொட்டு மருந்தின் வைரஸிலிருந்தே திரிந்து வந்த போலியோ கண்டது. அதை உறுதி செய்த பரிசோதனை நடந்ததும் மும்பையில்தான். பிழையோடு பிரதி எடுக்கும் அந்த எழுத்தாளன் இன்னும் ஓயவில்லை. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கோபுரங்களின் வண்ணப் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. கட்டப் புகுகிறவர்கள் அந்தப் படங்களுக்கு முன்னால், தரைக்கு அடியில் குடிநீர்க் குழாய் எவ்வழி போகும், கழிவுநீர்க் குழாய் எவ்வழி போகும் என்ற வரைபடத்தைத் தாராவி மக்களின் முன் விரித்துக் காட்டட்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நாமும் அவர்களோடு சேர்ந்து அதைக் கேட்போம்.